ஷெனாய்னு எழுது

அப்பாவின் சிரிப்பு தாமதமாக வருகிறது என்பதை நான் கண்டுபிடித்தது போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியில். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸ். அப்பா, அம்மா, நான், மனைவி, பையன் என்று ஐந்து டிக்கெட். சண்டை இல்லாத படம், முழுக்கப் பேச்சு. திரையில் ஒரு மாமனார் ஏதோ சொன்னார், அரங்கமே சிரித்தது. நான் சிரித்து முடித்து பாப்கார்னில் கைவிட்ட பிறகு, பக்கத்து இருக்கையில் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதல் தடவை மனதில் பதியவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவது தடவை நான் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதற்கு முன்னால் அவர் கண் திரையிலிருந்து இறங்கி முன்வரிசைக்காரர்களின் தோளுக்குப் போகிறது. தோள் குலுங்கினால் சிரிக்கிறார். குலுங்கவில்லை என்றால் சும்மா இருக்கிறார்.

இடைவேளையில் அவர் காதருகே குனிந்து, கொஞ்சம் உரக்கவே, கதை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு புருஷன் வேணாம்னு வந்துட்டா. அவன் கூப்பிட வந்திருக்கான். இவ போகமாட்டேங்கிறா. பாவம், நல்ல பையனாத்தான் தெரியுறான்" என்றார். படத்தில் அவன் அவளுடைய அண்ணன். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான். நல்லவனும் இல்லை. அப்பா முகங்களையும் கைகளையும் மட்டும் வைத்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு வேறொரு கதையைக் கட்டி வைத்திருந்தார், அதுவும் எங்கேயும் இடிக்காத கதை. என் மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். எத்தனை படங்களை இப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ண ஆரம்பித்தேன். ஐந்து வருடமா, எட்டு வருடமா? ஒவ்வொன்றுக்கும் வெளியே வந்து "நல்லா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா கம்பாசிட்டர். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்து வாழ்க்கையைத் தொடங்கியவர், எழுத்துக் கோப்பது ஒழிந்த பிறகு மெஷின் ரூமுக்கு மாறினார். காது மந்தமானதற்கு அந்த இரைச்சல் பாதி, வயது பாதி. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் அது உதவுகிறது. தியேட்டரில் அது வசனத்தையும் பின்னணி இசையையும் பின்வரிசைக் குழந்தையையும் ஒரே தராசில் போட்டுப் பெருக்கித் தள்ளுவதால், படம் ஆரம்பித்ததும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று என்னைக் குடைந்தது வேறு. அந்தப் படத்தின் ஒவ்வொரு வசனமும் திரையின் அடியில் எழுத்தாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆங்கிலத்தில்.

படம் முடிந்ததும் டியூட்டி மேனேஜரைத் தேடிப் போனேன். இருபத்தைந்து வயதுப் பையன், பணிவானவன். தமிழிலேயே சப்டைட்டில் போடுகிற காட்சி ஏதாவது உண்டா என்று கேட்டேன். "தமிழ்ப் படம்தானே சார், எதுக்கு தமிழ்ல?" என்றான். அப்பாவைக் காட்டினேன். "இங்கிலீஷ்ல ஓடுதே சார்." ஆங்கிலத்தில் அவ்வளவு வேகமாகப் படிக்க அவருக்கு வராது என்றேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல சார்" என்றான். அதில் பொய் இருந்திருக்காது. காது கேட்காமல் போனவர்கள் தியேட்டர் வாசலில் வந்து நின்று கேட்பதில்லை, தியேட்டருக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வராதவர்கள் எந்தக் கவுன்ட்டரிலும் கணக்கில் ஏறுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடுள்ளவர்கள் நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல். அப்பா மாதிரி "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லும் கிழவர்கள் அதில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் இதே ஆங்கில வரிகளைத் திட்டி முகநூலில் நீளமாக எழுதியவன் நான். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த காட்சியின் மேல் எறும்பு ஊர்கிறது, தமிழ்ப் படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்க எனக்கு எதற்கு இங்கிலீஷ் என்றெல்லாம். நிறைய விருப்பக்குறிகள் வந்தன. இப்போது தேடிப் போய் அழித்துவிட்டேன், கோழைத்தனம்தான்.

யாருக்காக ஓடும் எழுத்து

சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. தமிழ் தெரியாத ஊழியர்கள் ஐடி நிறுவனங்களுக்கு வர வர, மல்டிபிளெக்ஸ்கள் தமிழ்ப் படத்தை ஆங்கில எழுத்துடன் போட ஆரம்பித்தன. டைட்டில் கார்டில் சப்டைட்டில் எழுதும் ரேக்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பார்த்து அது நமக்கு இசையமைப்பாளர் பெயர் மாதிரி பழகிவிட்டது. பஞ்சாப்காரரும் வங்காளியும் நம் படத்துக்கு வருவது நல்லதுதான், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் அந்த எழுத்து வந்தபோது யாரும் சட்டம் போடவில்லை. தொழில்நுட்பம் தயாராகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. காட்சி அழகு கெடுகிறது என்று என்னைப் போன்ற நாலு பேர் முனகியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. டிக்கெட் விற்கும் என்றார்கள், எழுத்து ஓடியது. அதே எழுத்தைக் காது கேளாதவருக்காகக் கேட்டால் மட்டும் தொழில்நுட்பம், செலவு, மற்ற ரசிகர்களின் சங்கடம், கலைஞனின் சுதந்திரம் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன.

தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். ரீல் காலத்தில் எழுத்தைப் பிலிமிலேயே பொறிக்க வேண்டும். எழுத்துள்ள பிரின்ட் தனி, எழுத்தில்லாத பிரின்ட் தனி. இன்று டிஜிட்டலில் படம் ஒரு கோப்பு, ஒலி ஒரு கோப்பு, எழுத்து இன்னொரு கோப்பு. எந்த நொடியில் எந்த வரி தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்ற பட்டியல்தான் அது. ஆபரேட்டர் எழுத்துள்ள பதிப்பைப் பட்டியலில் சேர்த்தால் ஓடும், சேர்க்காவிட்டால் ஓடாது. காலைக் காட்சிக்கு ஆங்கிலம், மாலைக் காட்சிக்குத் தமிழ், இரவுக் காட்சிக்கு எதுவுமே இல்லை என்று ஒரே திரையில் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். இந்தியா முழுக்கத் தியேட்டர்களுக்கு டிஜிட்டல் படம் கொண்டுபோகும் கியூப் நிறுவனம் இந்தச் சென்னையில் பிறந்ததுதான். நமக்குத் தெரியாத வித்தை எதுவும் இதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால் நம் சினிமா காது கேளாதவர்களைக் கைவிட்டது, படம் பேச ஆரம்பித்த 1931-ல்தான். அதுவரை ஊமைப்படம். படத்துக்கு நடுவே எழுத்து அட்டை வரும், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கதையைப் பின்தொடர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அரங்கில் ஒருவர் நின்று அந்த அட்டையைச் சத்தமாக வாசித்துக் கதை சொல்வார். படிக்கத் தெரியாதவன் படம் பார்க்க வேண்டும் என்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த தொழில் இது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 42-ஆவது பிரிவு மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு (பார்வையற்றவருக்குக் காட்சியைச் சொல்லும் குரல்), சைகை மொழி, கேப்ஷன் (வசனத்தோடு சத்தங்களையும் எழுதிக் காட்டும் வரிகள்) ஆகியவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. தியேட்டர் வரைக்கும் அது நடந்துவரப் பல வருடம் ஆயிற்று. 2023 ஜனவரியில், பெரிய இந்திப் படம் ஒன்று வெளியாகும் நேரத்தில், மாற்றுத்திறனாளிகள் சிலர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். தியேட்டர் வெளியீட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால் ஓடிடி பதிப்புக்காவது சப்டைட்டில், கேப்ஷன், ஒலி விவரிப்பு தயாரிக்கச் சொன்னது நீதிமன்றம். அடுத்த ஆண்டு, 2024 மார்ச் 15 அன்று, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு ஆறு மாதத்தில், தேசிய விருதுக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் போகும் படங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து, மற்ற படங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். காது கேளாதவருக்கு ஒரு வசதி, பார்வையற்றவருக்கு ஒரு வசதி இருக்க வேண்டும்.

இந்த வரிசை எனக்கு உறுத்துகிறது. ஐந்து மொழியில் வரும் பிரமாண்டப் படம் முதலில் வருகிறது. காரணம் புரிகிறது, அவர்களிடம்தான் பணம். ஆனால் அப்பாவுக்கு அந்தப் படங்களில் சிரமமே இல்லை. யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் சின்னப் படத்தில்தான் அவர் தொலைந்துபோகிறார். தமிழில் மட்டும் வரும் அந்தப் படம்தான் வரிசையில் கடைசி.

தியேட்டர்காரர் எப்படிச் செய்யலாம் என்பதற்கு நெறிமுறைகள் பல வழிகள் தருகின்றன. குறிப்பிட்ட நாளில் தனிக் காட்சி போடலாம், கேப்ஷன் தெரியும் கண்ணாடி கொடுக்கலாம், இருக்கைக்கு முன் சின்னத் திரை வைக்கலாம், பெரிய திரைக்குப் பக்கத்தில் எழுத்துப் பலகை மாட்டலாம், கைபேசிச் செயலியும் இருக்கலாம். வழி அதிகமாக இருந்தால் மலிவானது எதுவோ அதில்தான் எல்லோரும் போவார்கள். செயலி தியேட்டர்காரருக்கு மலிவு. அப்பாவுக்கு அது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயதில் இருட்டில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருப்பவன் "பெருசு, போனை அணை" என்று சொல்வது காதில் விழாமல், அவன் தோளில் தட்டும்போது திடுக்கிட்டுத் திரும்பி... வேண்டாம். கண்ணாடி என்றால் ஏற்கெனவே போட்டிருக்கும் பைஃபோகலுக்கு மேல் இன்னொன்று.

அமெரிக்காவில் இந்தச் சண்டையை வெகுகாலம் போட்டிருக்கிறார்கள். அங்கே மத்திய அரசின் நீதித்துறை 2016-ல் கொண்டுவந்த விதிப்படி டிஜிட்டல் தியேட்டர்கள் எல்லாம் 2018 ஜூனுக்குள் தனிநபர் கேப்ஷன் கருவி வைத்திருக்க வேண்டும். ஒரே திரை இருந்தால் நான்கு கருவி, பதினாறோ அதற்கு மேலோ திரை இருந்தால் பன்னிரண்டு என்று எண்ணிக்கையே விதியில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி பெரிய திரையில் எழுத்துப் போடச் சொல்லி அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. கருவிக்கு சார்ஜ் இருக்காது, வேறு திரையின் எழுத்து வரும், கொடுக்கும் பையனுக்கே அதை எப்படி இயக்குவதென்று தெரியாது என்று குறைகள் தொடர்ந்தன. அதனால் ஊர் ஊராகத் தனிச் சட்டம் கேட்டார்கள். திரையிலேயே எழுத்துள்ள காட்சிகள் கட்டாயம் என்று முதலில் சட்டமாக்கிய மாநிலம் ஹவாய். நியூயார்க் நகரம் 2022 மே மாதத்திலிருந்து, நூறு இருக்கைக்கு மேலுள்ள தியேட்டர்கள் ஒவ்வொரு படத்துக்கும் வாரத்துக்கு நான்கு காட்சிகள் வரை அப்படிப் போட வேண்டும் என்றது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், மாலையிலும் வார இறுதியிலும் அந்தக் காட்சிகள் வர வேண்டும் என்று நேரத்தையும் சேர்த்துச் சொன்னது. நம் ஊரில் இதை எழுதாமல் விட்டால் செவ்வாய்க்கிழமை காலை 9.45 காட்சிதான் காது கேளாதவருக்கு ஒதுக்கப்படும் என்று பந்தயம் கட்டத் தயார்.

இந்தக் கருவிகளில் ஒன்றைப் பற்றி அப்பாவிடம் எழுதிக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அரங்கின் பின்சுவரில் எல்இடி பலகையில் எழுத்து இடவலம் மாறி ஓடும். பார்ப்பவர் தன் இருக்கையில் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகிவைத்துக்கொண்டால் அதில் நேராகப் பிரதிபலிக்கும். "எனக்குத் தகடே வேணாமே" என்றார். சரிதான். ஈய எழுத்தைத் தலைகீழாக, இடவலம் மாற்றிப் படித்துப் பழகிய கண். பின்சுவரைப் பார்த்தே முழு வசனத்தையும் படித்துவிடுவார். என்ன, படத்தைப் பார்க்க முடியாது.

கேஸில் இருந்த எழுத்து

சட்டம் எதற்கு, சொல்லிப் புரியவைத்தால் செய்ய மாட்டார்களா என்று நண்பன் ஒருவன் கேட்டான். திரைத்துறையில் இருப்பவன், நல்லவன். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது வழக்கறிஞர் யாரும் இல்லை. அப்பாதான்.

பழைய லை எப்படி இருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். யானைத் துதிக்கையை மேலே தூக்கிய மாதிரி. னை, ணை, ளை, அப்புறம் ணா, றா, னா வகையறா, எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள். பெரியார் 1935-லேயே குடிஅரசு இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிட ஆரம்பித்துவிட்டார். தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 1978 அக்டோபரில். நடுவில் நாற்பத்து மூன்று வருடம். அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, அச்சகத்தில் கேஸுக்கு, அதாவது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டிக்கு, முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

புது எழுத்து வார்க்க ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே என்று கேட்டேன். "என்னத்த வாக்குறது? ஐகாரக் கொக்கி கேஸ்ல இருக்கு. லகரம் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா லை. தம்படி செலவில்ல" என்றார். அப்படியானால் ஏன் நாற்பது வருடம்? "பழைய எழுத்தும் கேஸ்ல கெடக்குதே. அது கெடக்கிற வரைக்கும் கை அதுக்குத்தான்டா போகும். ஆர்டர் வந்துச்சு, பாடப் புத்தகம் மாறுச்சு, பார்ட்டி எல்லாம் புது எழுத்துல கேக்க ஆரம்பிச்சான். மொதலாளி பழைய லையெல்லாம் எடுத்து உருக்கப் போட்டுட்டாரு. அப்புறம் ஒரு வாரம்தான், கை பழகிருச்சு." சொல்லிவிட்டு அந்த ஒரு வாரம் தான் செய்த பிழைகளுக்கு மேஸ்திரியிடம் வாங்கிய திட்டை விஸ்தாரமாகச் சொன்னார், அது இங்கே வேண்டாம்.

தியேட்டர்காரரோ தயாரிப்பாளரோ கெட்டவர்கள் இல்லை. கை பழைய கேஸுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

மேளமா, எந்த மேளம்?

சும்மா பேசிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று, என்னிடம் டிவிடியாக இருந்த ஒரு பழைய படத்துக்கு நானே தமிழ்க் கேப்ஷன் எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்குள் அப்பாவுக்காக மட்டும். அவர் பார்க்காத படமாகத் தேர்ந்தெடுத்தேன். முதல் அரை மணி நேரத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலில் எழுத்தே உடைந்தது. டிவியில் போட்டுப் பார்த்தால் "கொண்டா" என்பதில் ஒற்றைக் கொம்பு கழன்று ககரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் காலத்தில் கொம்பு தனி ஈயத்துண்டு, முதல் நாள் பையன்கூட அதை முன்னால்தான் வைப்பானாம். தமிழ் எழுத்தைச் சில கருவிகள் இப்படிச் சிதைப்பதால்தான் தியேட்டர் கோப்புகளில் நம் மொழி வரிகளைப் படமாகவே மாற்றி அனுப்பும் வழக்கம் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்து, பேச்சு. வசனத்தைப் பேசுகிறபடியே எழுதினேன். பாத்திரம் வடசென்னை என்றால் "இன்னாத்துக்கு வந்துகினுகீற" என்றே எழுதினேன், அதுதானே உண்மை. எங்கள் குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் ஒரு பெண் இருக்கிறார், பிறவியிலேயே காது கேளாதவர், வங்கியில் வேலை. அவரிடம் கோப்பை அனுப்பி அபிப்பிராயம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "வந்துகினுகீற என்றால் என்ன? பாதி வரிகள் எனக்குப் புரியவில்லை. பாடப் புத்தகத் தமிழில் எழுத முடியுமா?" அவருக்கு முதல் மொழி சைகை. தமிழை அவர் காதால் கேட்டதில்லை, புத்தகத்தில் கற்றார். கொச்சை அவருக்கு எழுத்துப்பிழை மாதிரி. அப்பாவுக்கோ புத்தகத் தமிழில் எழுதினால் "யார்ரா இவன், ரேடியோ நாடகம் மாதிரி பேசுறான்" என்று தோன்றும். காது கேளாதவர் என்று ஒரே ஆளை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரிலேயே இரண்டு தமிழ் தேவைப்பட்டது. இதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. அப்பாவின் கோப்பில் கொச்சையை வைத்துக்கொண்டேன், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வசனத்தைப் பற்றி அல்ல. சப்டைட்டில் என்பது மொழி தெரியாதவனுக்கு, கேப்ஷன் என்பது சத்தம் கேளாதவனுக்கு. கதவு தட்டப்படுவதையும் இசையையும் அது எழுத வேண்டும். ஆங்கிலக் கோப்புகளைப் பார்த்து நானும் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டே போனேன். மழைச் சத்தம். குக்கர் விசில். மேளம். சோக இசை. திரையில் காட்டுவதற்கு முன் அப்பா "புரூஃப் எடுத்துட்டு வா" என்றார். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு இரண்டு நாள் உட்கார்ந்தார்.

தாள் திரும்பி வந்தபோது ஓரம் முழுக்கக் கேள்விகள். "மேளம்" என்பதைச் சுழித்து, "கல்யாண மேளமா சாவு மேளமா?" என்று எழுதியிருந்தார். போய்க் கேட்டுப் பார்த்தேன். சாவு மேளம், தூரத்தில். கதாநாயகன் வேலை கிடைத்த செய்தியோடு தெருவுக்குள் நுழையும்போது அது பின்னணியில் கேட்கிறது. இத்தனை தடவை பார்த்த எனக்கே அது எதற்கு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றியதில்லை. "சோக இசை" என்பதைக் குறுக்கே அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவ அழுறது தெரியலையா எனக்கு? சோகம்னு நீ சொல்லணுமா? என்ன வாத்தியம்னு சொல்லு."

மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். ஷெனாய் என்று எழுதிக் காட்டினேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஷெனாயா? அப்போ இந்தம்மா பிழைக்க மாட்டா" என்றார்.

அந்தம்மா இரண்டாம் பாதியில் இறந்துபோகிறாள். முதல் அரை மணி நேரம் மட்டும் படித்த மனிதர், ஒரே ஒரு வாத்தியத்தின் பெயரை வைத்து அதைச் சொல்லிவிட்டார். ஸ்டார் தியேட்டரிலும் பாரகனிலும் ஐம்பது வருடம் முன்னால் உட்கார்ந்து சேர்த்த காது அது. கேட்பதுதான் நின்றிருக்கிறதே தவிர அவருக்குத் தமிழ் சினிமாவின் இசை இலக்கணம் மறக்கவில்லை. புல்லாங்குழல் வந்தால் கிராமம் என்றும், வீணைக் கம்பி அறுந்தால் கெட்ட செய்தி வரும் என்றும் அவருக்குத் தெரியும். "சோக இசை" என்று நான் எழுதியபோது, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு என் முடிவை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி முழுக் கோப்பையும் திரும்பத் திறந்தேன். நாற்பத்தெட்டு இடங்களில் இசை என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றையும் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, தெரியாததை மிருதங்கம் வாசிக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பிக் கேட்டு எழுதினேன். கதவுச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் போயின. ஒலிக்குறிப்பு, இரட்டைக்கிளவி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதற்குத்தான் போலிருக்கிறது: மழை சோவென்று கொட்டுகிறது, சொட்டுச் சொட்டென்று விழுகிறது, சிலுசிலுக்கிறது. மூன்றும் வேறு மழை.

அதனால் ஆங்கில வரியையே காட்டி "கேப்ஷன் போட்டாயிற்று" என்று யாராவது கணக்கை முடித்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. விதியைக் கண்காணிக்க ஒரு குழு அமைப்பதாகவும், அதில் பாதிப் பேர் குறைபாடுள்ளவர்களாகவே இருப்பார்கள் என்றும் நெறிமுறைகளில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அந்தப் பாதியில் ஒரு கம்பாசிட்டர் இருக்க வேண்டும் என்று எழுத எந்த அதிகாரிக்கும் தோன்றாது.

போன வாரம் அந்த அரை மணி நேரத்தைப் பெரிய எழுத்தில் டிவியில் போட்டோம். அம்மாவுக்குக் காது பழுதில்லை, ஆனாலும் அவளும் படிக்க ஆரம்பித்துவிட்டாள், உதடு அசைகிறது. எழுத்து ஓடும் படங்களைப் பற்றி நான் அந்தக் காலத்தில் சொன்ன குறைகளில் ஒன்று மட்டும் உண்மை. நகைச்சுவை வசனம் நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கீழே வந்து நிற்கும். எட்டாவது நிமிடத்தில் அப்படி ஒன்று வந்தது. அப்பா வெடித்துச் சிரித்தார்.

"இன்னும் அவன் பேசவே இல்ல, அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்று அம்மா எரிந்து விழுந்தாள். "எனக்குக் கேக்க வேணாமா?"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் என் பக்கம் நீண்டு என் முழங்காலைத் தட்டியது. "அறைக் கதவுக்கு சின்ன ர போட்டிருக்க பாரு. அரைக் கதவுன்னா பாதிக் கதவுடா. நிறுத்து, நிறுத்து, திருத்திட்டுப் போடு."